சனிக்கிழமை டியூஷன்

“யாரும் கிட்ட வராதீங்க! என் மகனுக்குச் சாமி வந்திருக்கு!”

நல்லம்மாள் கற்பூரத் தட்டை உயர்த்திப் பிடித்தாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூடிவிட்டது. நடுவே நாற்காலியில் லோகேஸ்வரன். லோரி ஓட்டுநர், வயது முப்பத்து நாலு. தைப்பூசக் காவடிக்காக விரதம் தொடங்கி அன்று மூன்றாம் நாள். கை நடுங்கியது, உதடு துடித்தது, சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“எங்க வம்சத்துல மூணு தலைமுறையா யாருக்கும் அருள் வந்ததில்ல. என் மகனுக்கு வந்திருச்சு!” நல்லம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டு மோகனராஜ் பவ்வியமாகக் குனிந்தார். “சாமி, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லு சாமி.”

“எறும்பு… செவுரு பூரா எறும்பு…” என்றான் லோகேஸ்வரன்.

சுவரில் ஓர் எறும்பும் இல்லை. மோகனராஜுக்கு அதைப் பற்றி என்ன கவலை? “எறும்புக்கு என்ன நம்பர்லா?” என்று கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் மூத்த மருமகள் குமுதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஆசிரியை, கண்டிப்பானவள். கல்யாண வீட்டில் யாராவது பீர் டின்னைத் திறந்தால் அந்த மேசையை விட்டே எழுந்து போய்விடுவாள். சனிக்கிழமையானால் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த்துக்கு டியூஷனுக்குக் கிளம்பிவிடுவாள். தீபாவளி சனிக்கிழமையில் வந்த வருஷம்கூட விருந்தாளிகளை விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கோபம் நல்லம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை.

குமுதா கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள். கைப்பையை அப்படியே கீழே போட்டாள்.

“தம்பி, கடைசியா எப்பக் குடிச்சீங்க?”

“ஏய்! சாமிகிட்ட கேக்குற கேள்வியா இது?” என்று சீறினாள் நல்லம்மாள்.

“இது சாமி இல்ல அத்தை. தினம் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினதும் தவிக்குது. இப்படியே விட்டா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் பக்கத்துல இருந்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்தணும்.”

“நீ என்ன டாக்டரா? ஒரு சொட்டு தொடாதவ, உனக்கு என்ன தெரியும்?”

குமுதா கொழுந்தனின் நடுங்கும் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “சொல்லுங்க தம்பி.”

“ஞாயித்துக்கெழம, அண்ணி. தினம் ஒரு போத்தல் சம்சு அடிப்பேன். சாமிக்குச் சத்தியம் பண்ணி, ஒரேயடியா விட்டுட்டேன்.” பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. “அண்ணி, எனக்குப் பயமா இருக்கு.”

நல்லம்மாளின் கை தானாகத் தாழ்ந்தது. சாமி வந்தவன் பயப்படுவானா?

“ஆம்புலன்ஸக் கூப்பிடு, குமுதா” என்றாள் மெதுவாக.

“அப்ப நம்பர்?” என்றார் மோகனராஜ். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கழிந்தது. முதல் இரண்டு நாள் ஊசியும் டிரிப்புமாக, டாக்டர்கள் அவனை விட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இன்று காலை அவன் கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“இங்க பாருங்க, என் மகனுக்குக் கை நடுங்கல!” எதிர்க்கட்டில்காரரிடம் நல்லம்மாள் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. தரை துடைக்க வந்த பெண்ணிடமும் சொல்லியாகிவிட்டது. அருள் வந்ததற்குப் பட்ட பெருமையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

தாதி ஷாஹிரா வீட்டுக்குப் போகும் சீட்டோடு இன்னொரு சீட்டையும் நீட்டினாள். உடம்பிலிருந்து குடியை இறக்கியாகிவிட்டது, ஆனால் இது முதல் படிதான் என்று மலாயில் சொன்னாள். குடியை விட்டவர்கள் வாராவாரம் ஒன்றுகூடிப் பேசுகிறார்களாம், கட்டாயம் போகவேண்டுமாம்.

லோகேஸ்வரன் சீட்டைப் பார்த்துத் தலை குனிந்தான். “சனிக்கிழம பத்து மணிக்கு, பட்டர்வொர்த்துலயாம். தெரியாத ஆளுங்க முன்னால நின்னு நான் குடிகாரன்னு சொல்லணுமா? வெக்கமா இருக்கு அண்ணி. நான் போகல.”

“பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க, எதுக்கு வெக்கம்? நான் கூட வர்றேன்.”

“நீ எப்படிப் போவ?” என்றாள் நல்லம்மாள். “சனிக்கிழம உனக்குத்தான் டியூஷன் இருக்கே?”

குமுதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “டியூஷன் இல்ல அத்தை. நானும் அங்கதான் போறேன். உங்க பெரிய மகனுக்கு மட்டுந்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்ன, இதே ஆஸ்பத்திரியில, மேல்மாடி பொம்பளைங்க வார்டுல எனக்கும் கை இப்படித்தான் நடுங்கிச்சு.”

நல்லம்மாள் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு எதிர்க்கட்டில்காரர் பக்கம் திரும்பினாள்.

“இங்க பாருங்க, என் மருமகளுக்கும் கை நடுங்கல. நாலு வருஷமா!”