இடுப்பளவு

"இதை இன்னும் ரெண்டு இன்ச் பிரிச்சு விடுங்கக்கா. பிடிக்குது," என்றாள் மெர்சி.

போத்தனூரில் லேடீஸ் டெய்லர் என்றால் சாஜிதா பேகம்தான். தொண்ணூற்றாறு கிறிஸ்துமஸுக்கு அவளே தைத்துக் கொடுத்த சுடிதார் அது. ஈஸ்டர்கூட வரவில்லை, அதற்குள் இன்னொரு மெர்சியை உள்ளே விடலாம்போலத் தொங்கியது.

"பிடிக்குதாம். எலும்பையா பிடிக்குது?" என்றாள் கூடவே வந்த அம்மா ஞானமணி.

காலேஜ் போகிற பெண் ஒரு நாளைக்கு அரை இட்லிதான் தின்கிறாள், குண்டாக இருக்கிறேன் என்று பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் நின்றே வருகிறாள், டாக்டரிடம் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை. தைத்த துணியை வாங்க வந்த இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி ஞானமணி ஒப்பித்தாள். மெர்சி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பெற்றவளுக்கு இப்படியும் ஒரு வாயா என்று சாஜிதாவுக்கு எரிச்சல். நூல்கண்டையும் கத்தரியையும் மெர்சியிடம் நீட்டினாள்.

"உன்ற இடுப்பு எவ்வளவு இருக்கும்னு கண்ணளவுல வெட்டு கண்ணு."

மெர்சி யோசித்து வெட்டினாள். அவள் இடுப்பில் சுற்றிப் பார்த்தால் முழுசாக இரண்டு சுற்று வந்தது. வந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"கண்ணாடியில எனக்கு அப்படித்தானுங்கக்கா தெரியுது," என்றாள் மெர்சி. குரல் உடைந்துவிட்டது.

"இங்க குடு. என்ற கண்ணளவு தப்பாது," என்று ஞானமணி கத்தரியைப் பிடுங்கி, தன் இடுப்புக்கு ஒரு துண்டு வெட்டினாள்.

அது பாதி தூரம்கூடப் போகவில்லை. நூல் சுருங்கிவிட்டது என்று ஞானமணி சாதித்தாள். நனையாத நூல் எப்படிச் சுருங்கும் என்று சாஜிதா கேட்க, கடையே சிரித்தது. மெர்சியும் சிரித்தாள், பல் தெரிய.

"அம்மா, உன்ற கண்ணு என்னுதைவிட மோசம். வா, ரெண்டு பேருமே அந்த டாக்டரைப் பாத்துட்டு வரலாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்ட வெளியே போனாள்.

சாஜிதாவுக்கு மனசு கேட்கவில்லை. "புள்ளையை அத்தனை பேச்சு பேசினீங்க. உங்களுக்கே உங்க அளவு தெரியலைங்களே?"

ஞானமணி வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாப்பத்திரண்டு இன்ச்சுங்க. தினம் பாவாடை கட்டுறவளுக்குத் தெரியாதுங்களா? தப்பா வெட்டினவ அவ ஒருத்தி மட்டும்னு ஆயிரக்கூடாதுங்களே."