குடையை விரித்தால் வேலை

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆதார் அட்டையை நகலெடுக்க வந்த பெண், ஒரே பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டீர்களே என்று சலித்துக்கொண்டாள். மறுபக்கத்தையும் எடுத்துக் கொடுத்து, காசுகூட வாங்காமல் அனுப்பிவைத்தார். ஆள் நகர்ந்தால் போதும்.

மறுபடியும் திரை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் கிளாஸ்கோ நகரத்துச் சதுக்கம் ஒன்று தெரிந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்காக யாரோ மாட்டிவைத்த கேமரா. இரவும் பகலும் ஓடும். அவருக்கு அது மகள் நடந்துபோகிற பாதை, அவ்வளவுதான்.

செண்பகம் அங்கே ஒரு வங்கியில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போயிருந்தாள். உலகம் பூராவும் கிளை உள்ள வங்கி. பல நாட்டுப் பிள்ளைகளை வரவழைத்து, வேலை பழக்கி, சிலரை மட்டும் அங்கேயே வைத்துக்கொள்வார்களாம். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழும் ஊர் திரும்ப டிக்கெட்டும்.

சதுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். கட்டைவிரல் அளவு உருவம். இவரும் ஆட்டுவார். தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று ரோட்டில் போகிற ஆட்கள் கடைக்குள் வந்து நின்றதும் உண்டு.

இன்று முடிவு சொல்லும் நாள்.

"போன்ல சொன்னா அழுதுருவேன்ப்பா. மத்தியானம் சாப்பிட வெளிய வருவேன். குடையைப் பாருங்க. விரிச்சிருந்தா வேலை. மடக்கியிருந்தா ஊருக்கு வாரேன்."

கிடைத்தாலும் அழுவாள், கிடைக்காவிட்டாலும் அழுவாள். பெற்றவருக்குத் தெரியாதா? சரி என்றார். குடை அவர் வாங்கிக் கொடுத்ததுதான், வெயிலுக்கு ஆகும் என்று. எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரிகிற மஞ்சள்.

கிளாஸ்கோவிலேயே வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று போன மாதம் அவள் சொன்னபோது, அதுக்கென்ன, வச்சுக்குவாங்க என்று உடனே சொன்னவர்தான் இவர். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போய் மகள் பேரில் அர்ச்சனை செய்தார். என்ன கேட்பது என்றுதான் விளங்கவில்லை. அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லாமல் வீடு கிடக்கிற கிடையும் தெரியும். நல்லது நடக்கட்டும் தாயே என்று பொதுவாகச் சொல்லிவைத்துவிட்டு வந்துவிட்டார்.

இங்கே வெயில் தாழ்ந்தது. அங்கே மதியம் ஆனது.

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மழை.

சதுக்கம் முழுக்கக் குடை. கறுப்பு, நீலம், கட்டம் போட்டது. அத்தனையும் விரித்த குடை.

கரிசல்காட்டு ஜனம் இரண்டு சேர்ந்து போட்ட திட்டம் அல்லவா? குடை என்றால் வெயில் என்றே பழகின புத்தி. அப்பனுக்குத்தான் தோன்றவில்லை என்றால், இத்தனை மாதமாக அங்கே நனைந்துகொண்டிருக்கிற மகளுக்குமா தோன்றாது!

மஞ்சள் குடை வந்தது.

விரித்துத்தான் இருந்தது.

பின்னால் அவர் மனைவி மாரீஸ்வரி யாரோ கொடுத்த புராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தாள். திரைப் பக்கம் வர மாட்டேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"விரிச்சிருக்காளா?"

விரிச்சிருக்கா என்றார். பொய் இல்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது.

அவள் மூக்கை உறிஞ்சிச் சேலைத் தலைப்பால் துடைப்பது கேட்டது. வேலையும் ஓடிக்கொண்டே இருந்தது.

சதுக்கத்தின் நடுவில் மஞ்சள் குடை நின்றுவிட்டது. மற்ற குடைகள் விலகி விலகிப் போயின.

அவளுக்கும் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கேமரா பக்கம் திரும்பினாள்.

குடை மெல்ல மடங்கியது.

மடக்கிய குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்த மழையில் அப்படியே நின்றாள். அப்பாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்று நின்றாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். திருட்டுத்தனமாக, முந்திக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளையின் ஆசை மண்ணாகிப் போய் நிற்கிறது, உனக்குச் சிரிப்பு கேட்கிறதா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது அவருக்கு.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். மழையைத் துடைத்தாளா, கண்ணைத் துடைத்தாளா, கட்டைவிரல் அளவில் என்ன தெரியும்?

போதும்டா, விரி என்றார் திரையிடம்.

அவள் விரிக்கவில்லை.

அவர் கையை நீட்டினார். திரையில் அவள் தலைக்கு மேலே உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார்.

பின்னால் பைண்டிங் சத்தம் நின்றிருந்தது.

"மாரி, துண்டு ஒண்ணு எடுத்து வையி" என்றார். "பிள்ளை நனைஞ்சிக்கிட்டு வாரா."