தடுக்கி விழும் நெஞ்சு

ஷாக் சிகிச்சை அறையின் ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் கட்டிலின் இரும்புக் காலில் பளபளக்கிறது. பல்லிடுக்கில் வைக்கும் ரப்பர் கட்டை தட்டில் தயாராக இருக்கிறது. மனநல வார்டிலிருந்து வெறும் வயிற்றோடு அழைத்து வரப்பட்ட தம்பி மல்லாந்து கிடக்கிறான். அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கா கதவோரம் நிற்கிறாள். மயக்க மருந்து டாக்டர் கோப்பிலிருந்த ஈசிஜியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "இது புது மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. இன்னொண்ணு எடுங்கம்மா." நர்ஸ் சலித்துக்கொண்டே எடுக்கிறாள். இயந்திரம் காகிதத்தை நீளமாகத் துப்புகிறது. டாக்டரின் விரல் அலையலையாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. "மாத்திரை துடிப்பையே குழப்பி வச்சிருக்கு. இது மேல கரண்ட்டும் வச்சா, இதயம் நின்னாலும் நின்னுடும். இன்னிக்கு வேண்டாம்." அக்காவின் கையிலிருந்து ஒரு செருப்பு நழுவுகிறது. "நெஞ்சு தடுக்கித் தடுக்கி விழுதுன்னு பத்து நாளா சொல்லிட்டுதானே சார் இருக்கான்?" "யார்கிட்ட சொன்னான்?" "வார்டு டாக்டர்கிட்டதான். எழுதிக்கிட்டாரே!" டாக்டர் கோப்பைப் புரட்டுகிறார். எழுதித்தான் இருக்கிறது, முத்து முத்தான கையெழுத்தில்: 'நெஞ்சு தடுக்கி விழுவதாகப் பிரமை. மாத்திரை இரட்டிப்பாக்கப்பட்டது.'