கடைசிக் கதவு

"ஏட்டி, உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குள் நுழைந்த பாண்டிதுரை, மனைவி கனகலட்சுமியிடம் கத்தினான்.

சோழபுரத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி ஜெயக்கொடி, ஒரு பையோடு வந்து இறங்கி இருபது நாள் ஆகிறது. என்ன கேட்டாலும் வாய் திறக்கவில்லை. 'அவளுக்குப் புத்தி சரியில்லை' என்கிறான் மாப்பிள்ளை. நாளைக் காலையில் கூட்டிப்போக வருகிறான். அனுப்பி வைப்பதாகப் பாண்டிதுரையும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்திரிகையில் வந்த திகில் கதையை வாசித்துக்கொண்டிருக்கிறாள் கனகலட்சுமி.

"பேயெல்லாம் இல்லங்க. ஒரு வீடு. தினம் விடிஞ்சா ஒரு கதவைக் காணோம். அந்த இடத்துல சுவரு. புருசன் அதுல காலண்டரை மாட்டிட்டு, 'இங்க எப்பவுமே சுவருதான்'ங்கான். மாமியாரும் ஆமாங்கா. கடைசியில, நமக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு பொண்டாட்டிக்கே தோணுது."

பாண்டிதுரை செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டே வந்தான்.

"நல்லா இருக்கவுகளுக்கே ராத்திரி தூக்கம் வராது. இவ எப்படித் தாங்குவா? தூரப் போடு!"

"நேத்தே நிறுத்தப் பார்த்தேன். அவதான் பக்கத்தைப் புடிச்சுக்கிட்டா. வந்ததுல இருந்து அவளா கை நீட்டுனது இதுக்கு மட்டுந்தாங்க."

அவன் பத்திரிகையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறு நுனி ஜெயக்கொடியின் கையில் இருந்தது.

"மதினி வாசிக்கட்டும்ணே."

கரகரத்த குரல். பாண்டிதுரை அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கனகலட்சுமி மிச்சத்தை வாசித்தாள். கடைசிக் கதவும் போய்விடுகிறது. 'அப்ப நான் எந்த வழியா உள்ள வந்தேன்?' என்று அழுகிறாள் அந்தப் பெண். புருசன் அன்பாகத் தலையைத் தடவிச் சொல்கிறான்: 'நீ எப்பம்மா வெளிய இருந்த?'

கதை அவ்வளவுதான்.

ஜெயக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபது நாளில் இன்றைக்குத்தான் அழுகிறாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணே, இதை எழுதுனவுக யாரு?"

"யாரோ எவரோ. எதுக்கும்மா கேக்க?"

"சோழபுரத்துல என் வீட்டுக்குள்ள நடக்குறதை அவுகளுக்கு யாருண்ணே சொன்னா?"