சத்தமாகச் சொன்ன சந்தேகம்

எனக்குத் தமிழ் டைப்பிங் வராது. வெளிநாட்டு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் கேம்ப் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, ஊரிலிருக்கும் நர்ஸ் அக்காவுக்கு அனுப்ப, பேசினால் எழுதும் போனில் முணுமுணுத்தேன். அது எழுதவில்லை. சத்தமாகவே சொன்னேன்.

“அக்கா, அடுத்த மாசம் லீவுல வரேன். ரெஜினா பி.எட். முடிக்கிறவரைக்கும் கொழந்த வேணாம்னு இருக்கோம். நான் வந்து எறங்குற அன்னிக்கி அவ மாத்திர ஆரம்பிச்சா போதும்ல?”

“இன்னும் சத்தமா சொல்லு அருளு, பக்கத்து கேம்புக்குக் கேக்கல,” என்று சீட்டு ஆடிக்கொண்டிருந்த காஜா பாய் சிரித்தார். போன வாரம்தான் லீவு முடிந்து வந்தவர்.

பதில் வந்தது.

“அக்கா என்னடா சொல்லுது?”

“மாத்திர முட்டைய வெளிய விடாதாம் பாய். முட்ட இல்லன்னா விந்து போய்ச் சேர ஒண்ணுமில்ல. ஆனா ஒரு வாரமாச்சும் முன்னாடியே ஆரம்பிக்கணுமாம்.”

“எங்க வீட்டுக்காரி நான் போய் எறங்குன அன்னிக்கிதானடா ஆரம்பிச்சா!” காஜா பாய் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனோடு வெளியே போனார்.