நாலு வரிக்குக் கழுவின கை

ஜெயஸ்ரீ மறுபடியும் சோப்பை எடுத்தாள். நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவி, விரலை முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பவும் குழாயைத் திறந்தாள்.

கீழே போய்விட்டு மாடியேறி வந்த முதலாளி குமரேசன் அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, சாணி அள்ளினியா? நாலு வரி புரோகிராம் எழுதினதுக்கா இவ்ளோ கழுவுறே?"

அவள் இன்னும் கொஞ்சம் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேட்டரி கடைக்கு மேலே அந்த ஆபீஸ். அவர்களுக்கு ஒரே சரக்குதான். பிரௌசரில் சேர்த்துக்கொள்கிற 'வாய்விட்டு' என்ற எக்ஸ்டென்ஷன். திரையில் இருக்கிற தமிழைச் சத்தமாகப் படித்துக் காட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள், கண் மங்கினவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் அதை நம்பி இருந்தார்கள்.

அதில் ஒருவர் செம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மெஹர் பானு. பேங்க் கணக்கைக்கூட அது படிக்கக் கேட்டுத்தான் பார்ப்பார். கோளாறு என்றால் ஆபீசுக்குப் போன் போடுவார். கோளாறு இல்லாவிட்டாலும் போடுவார். "பாப்பா, நீ செஞ்சது இல்லன்னா இந்தப் பொட்டி எனக்கு வெறும் வெளக்குதான்" என்பார் ஜெயஸ்ரீயிடம்.

காலையில் குமரேசன் எழுதச் சொன்ன நாலு வரி அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். அவர்கள் தட்டுகிற பாஸ்வேர்டை எல்லாம் ஓசைப்படாமல் எடுத்து, காசு கொடுக்கிற எவனோ ஒருத்தனுக்கு அனுப்பிவிடும்.

"இது திருட்டு சார்" என்றாள் ஜெயஸ்ரீ.

"படிக்கத் தெரியாததுங்க. அதுங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" பாக்கை மென்றுகொண்டே சொன்னார். "நீ எழுதலன்னா போ. வேற ஆள் எழுதிட்டுப் போறான்."

வேற ஆள் எழுதுவான் என்பது அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து எழுதினாள்.

எழுதினதற்கு மேல் ஆள் வேலை எதுவும் கிடையாது. உள்ளே தள்ளினால் மெஷினே பேக்கேஜ் கட்டும், கம்பெனி பேரில் டிஜிட்டல் கையெழுத்து வாங்கும், ஊருக்கெல்லாம் அனுப்பும். கையெழுத்து இல்லாததை பிரௌசர் உள்ளே விடாது. இருந்தால் ஒரு கேள்வி கேட்காது. பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டுக்கொள்ளும்.

நடுவில் ஒரே ஒரு பூட்டு. கட்டி நிற்கிற பேக்கேஜுகளில் எது போகணும் என்று தேர்ந்தெடுப்பது குமரேசனின் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அவர் யாரையும் நம்ப மாட்டார். அவர் மேசைப் பக்கம் யாரும் போகவும் மாட்டார்கள். வாயில் விட்டு எடுத்த விரலாலேயே மவுஸைப் பிடித்துப் பிடித்து, அது காவி நிறத்தில் பிசுபிசு என்று கிடக்கும். பெருக்க வருகிற முனியம்மாகூட அந்த மேசையை விட்டுவிட்டுத்தான் துடைப்பார்.

நாலு வரி சேர்ந்த பேக்கேஜைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுத்தான், அந்த எவனோ ஒருத்தனிடம் போனில் பேச அவர் கீழே போயிருந்தார். இப்போது நாற்காலியில் சாய்ந்து, பார்க்கக்கூடப் பார்க்காமல் எண்டரைத் தட்டினார்.

திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. எடுத்தாச்சு. கையெழுத்து ஆச்சு. போயாச்சு.

"பாத்தியா? கை படாம வேல முடிஞ்சிது. நீதான் கழுவிகினு கீறே."

சாயங்காலம் ஆபீஸ் போன் அடித்தது. மெஹர் பானு. "வந்துட்டாங்க ஒன் ஆளு" என்று குமரேசன் கண்ணடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இன்னாண்ணே இது? கம்ப்யூட்டரத் தொறந்ததும் அதுவே பேசுது! 'என் முதலாளி உங்க பாஸ்வேர்டத் திருடச் சொல்லிட்டார், என்னை உடனே எடுத்துப் போட்டுடுங்க'ன்னு. ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்தவங்க அல்லாரும் கேட்டாங்க. எடுத்துப் போட்டுட்டேன். தூ! ஒன்னப் போயி அண்ணேன்னு கூப்டுகினு இருந்தேனே!"

போன் கட் ஆனது. உடனே மறுபடியும் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

குமரேசன் மென்றது வாயிலேயே நின்றுவிட்டது. திரும்பித் திரையைப் பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்த பேக்கேஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது அதற்குக் கீழே, அவர் பார்த்தே இராத இன்னொன்று.

"எவன் மாத்தினது?" கத்தினார். "என் மெஷின எவன் தொட்டான்? இந்த ஆபீஸ்ல எவனுக்கு அந்த தில்லு கீது?"

ஜெயஸ்ரீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகிற போக்கில் வலது கையை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.

"உங்க மவுஸைத் தொட்டா, கை கழுவ வேணாமா சார்?"