சிவப்பில் நின்ற கட்டம்

பிளஸ் டூ படிக்கும் மகிழினியின் கல்லூரிச் சேர்க்கைக்கான போர்ட்ஃபோலியோ செயலியில் நடனம், நீச்சல், ரோபோ கட்டங்கள் எல்லாம் பச்சையாகிவிட்டன. ‘சந்தித்த துன்பம்’ மட்டும் சிவப்பு. அது நிரம்பாமல் எந்தக் கல்லூரியும் சீட் தராது. பொய் சொன்னால் ஏறாது. வீட்டில் பேசுவதையெல்லாம் செயலி கேட்டு, உண்மையா என்று சரிபார்த்துவிடும்.

“கீழ்வீட்டுப் பையனுக்கு அப்பா அம்மா பிரிஞ்சப்புறம்தான் சீட் கெடச்சுது,” என்றபடி அவள் அம்மா யாழினி துணிப்பெட்டியை மூடினாள்.

அப்பா தர்ஷன் கதவை மறித்தான். “அட்மிஷன் முடிஞ்சதும் வந்துடுவதானே?”

“ஐயோ, அதுக்குக் கேக்கும். சும்மா இருங்க.”

மகள் உதட்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். சிவப்பு.

யாழினி செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: “இனிமே நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன்.”

என்னமாய் நடிக்கிறாள் என்று தர்ஷன் சிரிக்கப் போனான்.

திரை பச்சையானது.